நாளே சரியில்லையா? ஒரு படத்தப் போடுங்க! – சினிமா அக்கா பதில்கள்

மூடு அவுட்டான அன்னிக்கு இன்னா படம் பாக்கலாம்னு கேட்டு எழுதுங்கன்னு போன வாரம் சொன்னதுதான் சொன்னேன், ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் வாட்ஸ்அப்பும் போஸ்ட் கார்டுமா வந்து குமிஞ்சு கெடக்கு. எல்லாத்துக்கும் பதில் சொல்ல இந்த ரெண்டு பக்கம் பத்தாது, அதனால கையில சிக்கினது வரைக்கும்.

அக்கா, ஒரு இண்டர்வியூவுக்கு கிண்டி வரைக்கும் போனேன். கடைசி ரவுண்டு வரைக்கும் உக்கார வெச்சுட்டு அப்புறம் கூப்புடுறோம்னு அனுப்பிட்டாங்க. திரும்பி வரப்ப ரயில்வே கேட்டு வேற போட்டுட்டான், ஷேர் ஆட்டோவுல வேர்த்துப் போய் உக்காந்திருந்தேன். ஃப்ரெண்டு ஒருத்தி, ஏழையா இருந்து பெரிய ஆளாகுற படம் ஒண்ணு பாரு, மோட்டிவேஷனா இருக்கும்னா. பாத்தேன், இன்னும் அழுகைதான் வந்துச்சு. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

உனக்கு மட்டும் இல்லமா, பாதி பேருக்கு இப்படித்தான், வெளிய சொல்ல மாட்டாங்க. தோத்துட்டு வந்த அன்னிக்கு ஜெயிக்கிற படம் பாக்கவே கூடாதுன்றது என் கட்சி. ஏன்னா அந்த ஹீரோ ரெண்டரை மணி நேரத்துல, நடுவுல ஒரு பாட்டுலயே பத்து வருஷத்தத் தாண்டி மேல போயிடுவாரு, நீ இங்க பஸ் பாஸு எங்க வெச்சோம்னு தேடிட்டு இருப்ப. அவரு ஏற ஏற உனக்கு இறங்குற மாதிரி இருக்கும். அந்தப் படமெல்லாம் நல்லா இருக்கிற அன்னிக்குப் பாக்க வேண்டியது, ஒரு வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் பாக்க வேண்டியது.

நீ அன்னிக்கு பாத்திருக்க வேண்டியது தில்லு முல்லு. 1981ல பாலசந்தர் எடுத்தது, இந்தில வந்த கோல்மாலோட தமிழ். ரஜினிக்கு வேலை வேணும், முதலாளி தேங்காய் சீனிவாசன், அந்த மனுஷனுக்கு மீசை இல்லாத ஆம்பளையும் பிடிக்காது, ஃபுட்பால் பைத்தியமா சுத்துற பசங்களையும் பிடிக்காது. அதுக்காக ரஜினி போடுற வேஷமும் இண்டர்வியூல உக்காந்து அவரு விடுற ரீலும் இருக்கே, நீ பாத்துட்டு வந்த இண்டர்வியூவோட மொத்த மரியாதையும் அங்க கிழிஞ்சிடும். வேலை குடுக்குறவன் பெரிய நீதிபதி, நம்மள எடை போட்டு வேணாம்னு தள்ளிட்டான்னு மனசுல ஒண்ணு உக்காந்திருக்கு பாரு, அத அட்வைஸ் பண்ணி எல்லாம் எறக்க முடியாது, சிரிச்சாதான் எறங்கும். அப்புறம் மேட்ச் பாக்கப் போயி மாட்டிக்கிட்டு, மீசை இல்லாத தம்பி ஒருத்தன் இருக்கான்னு சொல்லி சமாளிக்கிறது, அதுக்கு ஒரு அம்மா வேற வேணும்னு சௌகார் ஜானகிய கூட்டிட்டு வந்து உக்கார வெக்கிறது, ஒரு பொய்ய மறைக்க ஒன்பது பொய்னு போயிட்டே இருக்கும்.

நான் சொல்றது இதுதான்: நம்ம நாள் கெட்டுப்போன அன்னிக்கு, அடுத்தவன் நாள் நம்மளவிட கன்னாபின்னான்னு கெட்டுப்போற படம் வேணும், ஆனா யாருக்கும் அடி படக்கூடாது, கடைசில எல்லாரும் ஒரே ஹால்ல நின்னு முழிக்கணும். ஆள்மாறாட்டக் காமெடி எல்லாம் இதுல சேரும். வேலை அப்புறம் வரும்மா. இந்த வாரம் இன்னொரு இண்டர்வியூ இருந்தா அதுக்கு முந்தின நாள் ராத்திரி வேணா உன் ஃப்ரெண்டு சொன்ன படத்தப் போடு.

ஓடிடில எதப் பாக்குறதுன்னு தேடியே ஒரு மணி நேரம் போயிடுது. அப்புறம் எதுவும் பாக்காம தூங்கிடுறேன். வழி சொல்லுங்க.
– வாசகர், மூலக்கடை

வழி ஒண்ணுதான், கெட்ட நாள்ல புதுப் படம் தேடாதீங்க. புதுப் படம்னா அது நல்லா இருக்குமோ இருக்காதோன்னு அதுக்கு வேற ஒரு டென்ஷன், ஏற்கனவே ஏமாந்துட்டு வந்திருக்கீங்க, இன்னொரு தடவ ஏமாறணுமா? பாத்த படத்தையே பாருங்க. எங்க சிரிப்போம், எங்க கண்ணு கலங்கும்னு எல்லாம் தெரிஞ்சிருக்கும், அந்த நிம்மதிக்கே பாதி சரியாயிடும். நல்லா இருக்கிற ஒரு ஞாயித்துக்கிழமைல அஞ்சாறு படத்துப் பேர எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க. மூடு அவுட்டான மூளைய நம்பி படம் செலக்ட் பண்ண முடியாதுங்க.

நான் ஃபுட் டெலிவரி பண்றேன்க்கா. ஒரு கஸ்டமர் லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு வர வெச்சு, லேட்டுன்னு கத்திட்டு ரேட்டிங்கும் கொறச்சுட்டாரு. ராத்திரி 11 மணிக்கு மேலதான் வீட்டுக்கு வரேன், வீட்ல எல்லாரும் தூங்கிடுவாங்க. ஹெட்போன் மாட்டிக்கிட்டு பாக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.
– வாசகர், கொடுங்கையூர்

தம்பி, மொதல்ல சாப்பிடு. அடுத்தவன் பிரியாணிய நாள் பூரா முதுகுல சுமந்துட்டு நீ பட்டினியா படம் பாத்தா எந்தப் படமும் ஏறாது.

திருச்சிற்றம்பலம் பாத்திருப்ப, 2022ல வந்துச்சு, அதுல தனுஷும் உன் வேலைதான் பாக்குறாரு. நாள் பூரா பாத்த வேலைய ராத்திரியும் பாக்கணுமான்னு நெனைக்காத, அந்தப் படத்துல டெலிவரி கொஞ்சம்தான், தாத்தா பாரதிராஜா, அப்பா பிரகாஷ்ராஜ், பேரன்னு மூணு ஆம்பளைங்க ஒரே வீட்டுக்குள்ள மூஞ்ச தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கிறதும், அதே பில்டிங்ல இருக்கிற ஃப்ரெண்டு நித்யா மேனன் வந்து போறதும்தான் படமே. ஹீரோவ வேணாம்னு சொல்லிட்டே இருப்பாங்க, அவரும் சரின்னு அடுத்த நாள் வேலைக்குக் கெளம்புவாரு. அந்தக் கெளம்புறதுதான் எனக்குப் பிடிச்சது. எல்லாரையும் அடிச்சு வீழ்த்தணும்னு இல்ல.

ஆனா 11 மணிக்கு முழுப் படம் போடாத, காலைல எந்திரிக்க முடியாம மறுநாளும் கெட்டுப்போகும். அரை மணி நேரத்துக்கு ஒரு சீன் போதும். காதலிக்க நேரமில்லைல நாகேஷ் தன் அப்பா பாலையாவ உக்கார வெச்சு பேய்க் கதை சொல்ற எடம் இருக்கு, 1964 படம், இன்னிக்கு வரைக்கும் அத யாரும் தாண்டல. நாகேஷ் சும்மா கதவு சத்தத்த வாயால போடுவாரு, பாலையா மூஞ்சில படமே ஓடும். ஹெட்போன்ல கேட்டா இன்னும் சோக்கா இருக்கும், ஆனா சத்தம் போட்டு சிரிச்சு வீட்ல இருக்கிறவங்கள எழுப்பிடாத.

மெய்யழகன் வேணாம்னு சொல்லல, அருமையான படம், 2024ல வந்தது, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ராத்திரி முழுக்க ரெண்டு பேர் பேசிட்டே இருப்பாங்க, நீளம்னு சொல்லி ரிலீஸுக்கு அப்புறம் 18 நிமிஷம் போல வெட்டினாங்க. அது லீவு நாள்ல, அவசரமே இல்லாதப்ப பாக்குற படம்.

+2 ரிசல்ட்ல மார்க் கொறஞ்சுடுச்சுன்னு பையன் ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்குறான். தன்னம்பிக்கை வர்ற மாதிரி ஒரு படம் சொல்லுங்க, போட்டுக் காட்டுறேன்.
– வாசகி, பெரம்பூர்

போட்டுக் காட்டாதீங்கமா. போட்டுக் காட்டுறேன்னு சொன்னாலே அது டியூஷன் ஆயிடுச்சு, அவன் கண்டுபிடிச்சிடுவான். படம் முடிஞ்சதும் பாத்தியா அவன் எப்படி முன்னேறினான்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்துச்சுன்னா இன்னும் ரெண்டு நாள் கதவு சாத்திக்குவான்.

நீங்க பாக்குறதுக்குன்னு ஹால்ல ஒண்ணு போடுங்க. மைக்கேல் மதன காமராஜன் போடுங்க. 1990 தீபாவளிக்கு வந்தது, சிங்கீதம் சீனிவாச ராவ் டைரக்‌ஷன், கிரேஸி மோகன் வசனம், கமல் நாலு வேஷம். கல்யாணச் சமையல்ல சாம்பாருக்குள்ள மீன் விழுந்துடுற எடத்துல நீங்க சிரிக்கிற சத்தம் உள்ள ரூம் வரைக்கும் கேக்கணும். வசனம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஓடுறதால காது குடுத்துக் கேட்டாதான் புரியும், அதனாலயே அவன் கதவுக்குப் பக்கத்துல வருவான். கடைசில மலை ஓரத்துல வீடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், சாப்ளினோட கோல்ட் ரஷ்ல இருந்து எடுத்த ஐடியா, அதுக்குள்ள அவன் வந்து சோஃபால உக்காந்திருப்பான்னு கேரண்டி குடுக்க மாட்டேன், வந்தா மார்க்கப் பத்திப் பேசாம முறுக்கு டப்பாவ அந்தப் பக்கம் தள்ளுங்க, போதும்.

வரலையா, நாளைக்கு வேற படம். சாப்பாடு, தூக்கம் ரெண்டும் சரியா இருக்கான்னு மட்டும் கண்ணுல வெச்சுக்கோங்க.

அகஸ்தியாவுல செகண்ட் ஷோ பாத்துட்டு நடந்து வீட்டுக்கு வர்ற சந்தோஷம் இந்த செல்போன்ல வருமா? சும்மா ஒரு ஆதங்கம்தான், கேள்வி இல்ல.
– வாசகர், தண்டையார்பேட்டை

கேள்வியா இல்லாட்டியும் பதில் சொல்லுவேன்ணே, ஏன்னா இது என் ஆதங்கமும்தான். 1967ல தொறந்த தியேட்டர், 2020ல கொரோனாவோட கொரோனாவா மூடிட்டாங்க. பெரம்பூர் பிருந்தா 1985ல ரஜினியே வந்து தொறந்து வெச்சது, அதுவும் 2025ல போச்சு. பெரிய ஸ்க்ரீன் போனதவிட, பக்கத்து சீட்டுல முன்ன பின்ன தெரியாதவன் நமக்கு முன்னாடி சிரிச்சு நம்மளையும் சிரிக்க வெக்கிறது போச்சே, அதுதான் எனக்கு நஷ்டம்.

இது சும்மா பழைய ஆளுங்க பேச்சு இல்ல. ஆக்ஸ்ஃபோர்டுல ராபின் டன்பார்னு ஒரு பேராசிரியரும் அவரோட ஆளுங்களும் 2011ல ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாங்க. காமெடி வீடியோ போட்டுக் காட்டி, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஜில்லுனு உறைஞ்ச பட்டைய கையில சுத்தி எவ்ளோ நேரம் தாங்குறாங்கன்னு பாத்திருக்காங்க. நல்லா வாய்விட்டு சிரிச்சவங்களுக்கு வலி தாங்குற சக்தி ஏறியிருந்துச்சு, சும்மா டாக்குமெண்டரி பாத்தவங்களுக்கு ஏறல. தனியா இருக்கிறப்பவிட கூட்டத்துல இருக்கிறப்பதான் மனுஷன் ரொம்ப அதிகமா சிரிக்கிறான்றதும் அந்த ஆராய்ச்சி பண்றவங்க சொல்றதுதான். அகஸ்தியாவுல பெஞ்சு டிக்கெட்ல உக்காந்தவனுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

இப்ப ரீ ரிலீஸுன்னு பழைய படத்த திரும்ப ஓட்டுறாங்க இல்ல, அதுக்குப் போங்க. 2024ல கில்லி மறுபடி வந்தப்ப நடந்தத பாத்தீங்களா, 20 வருஷப் படம், எல்லா சீனும் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனாலும் ஹவுஸ்ஃபுல்லு. முடியலையா, மொட்டை மாடில ஒரு வெள்ளை வேட்டியக் கட்டி ஓட்டுங்க, பக்கத்து வீட்டுக்காரன் சத்தம்னு சண்டைக்கு வந்தா அவனையும் உக்கார வெச்சிடுங்க.

நம்ம வடசென்னைய வெச்சு ஒரு ஃபீல் குட் படமாவது இருக்கா அக்கா? எப்பப் பாத்தாலும் கத்தி, ரத்தம், ஜெயிலுதானா?
– வாசகர், காசிமேடு

நல்லா கேட்ட நைனா. மெட்ராஸ் படத்துல ஒரு செவுத்துக்காக உசுரு போவும், வடசென்னை படத்துல மொத ஷாட்டே கொலை பண்ணிட்டு வந்து உக்காந்திருப்பாங்க. நல்ல படங்கதான், இல்லன்னு சொல்லல, ஆனா ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வந்த அன்னிக்கு எவன் பாப்பான். சார்பட்டா பரம்பரைய எல்லாரும் சொல்றாங்க, மொத பாதி அந்த பாக்ஸிங் ரிங்கு, வாத்தியாரு, டான்ஸிங் ரோஸுன்னு ஜோரா பறக்கும், ஆனா நடுவுல ஹீரோ கபிலன் சாராயத்துல விழுந்து வீணாப் போறது நீளமா வரும், ஏற்கனவே மனசு சரியில்லாதவனுக்கு அந்த நேரம் பேஜாரு.

சென்னை 600028 சிரிப்புதான், 2007ல வெங்கட் பிரபு எடுத்தது, தெருவுல கிரிக்கெட் ஆடுற பசங்க, ஸ்கூல் பசங்க கிட்ட தோத்து அசிங்கப்படுற எடமெல்லாம் மூடு மாத்திடும். ஆனா அதுலயும் ஹீரோ டீமு விசாலாட்சி தோட்டம், நம்ம ராயபுரம்தான் எதிரி டீமு! சரி, நாம இல்லாம அவங்களுக்கு மேட்சு ஏது.

புதுவண்ணாரப்பேட்டை பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போயி கேரம் உலகக் கோப்பைல 3 தங்கம் வாங்கிட்டு வந்துச்சு, அப்பா ஆட்டோ ஓட்டுறவரு. நம்ம தெருவுல அப்படி எத்தினி வீடு, வியாசர்பாடில ஃபுட்பால், பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ கடைல நின்னுக்கிட்டே ஊர்க்கதை பேசுற கூட்டம். கத்தி வாங்குற காசுக்கு ஒரு கேரம் போர்டு வாங்கி படம் எடுங்கப்பான்னு டைரக்டருங்களுக்கு இந்தப் பத்தி மூலமா ஒரு மனு.

பைக் லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சு. கடுப்புல இருக்கேன். ஒரு படம்?
– வாசகர், திருவொற்றியூர்

காக்கா முட்டை. பீட்சா சாப்பிடணும்னு ரெண்டு பசங்க படுற பாடு. நடுவுல ஒரு அடி விழும், அங்க கொஞ்சம் நெஞ்சு அடைக்கும், தாங்கிக்கோங்க. கடைசில வாய்ல வெச்சதும் அவங்க மூஞ்சி போற போக்கு இருக்கே! ஆயா சுட்ட தோசையே மேல்னு ஆயிடும். பைக்க மறக்க வெக்காது, கடுப்ப கொறைக்கும்.

எங்க அப்பா ஹார்பர்ல வேலை பாத்து ரிடையர் ஆனவரு. பென்ஷன் ஆபீஸுக்கு அலைஞ்சுட்டு வர்ற நாள்ல யாரு கிட்டயும் பேச மாட்டாரு, எம்ஜிஆர் படம் மட்டும் போடச் சொல்லுவாரு. தத்துவப் பாட்டா கேட்டு எங்களுக்கு போர் அடிக்குது.
– வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

போர் அடிச்சா நீ எந்திரிச்சு போமா, அவரு ரிமோட்ட புடுங்காத. ஆனா ஒரு ஐடியா, அன்பே வா போட்டுப் பாரு. 1966 பொங்கலுக்கு வந்தது, ஏவிஎம் எடுத்த ஒரே எம்ஜிஆர் படம் அதுதான். அதுல அவரு ஏழைக்காக சண்டை போடுறவரு இல்ல, பெரிய பணக்காரரு, வேலை வேலைன்னு அலைஞ்சு ஓஞ்சு போயி சிம்லால இருக்கிற சொந்த பங்களாவுக்கு ரெஸ்ட் எடுக்கப் போறாரு, போனா வேலைக்காரன் நாகேஷ் அத வாடகைக்கு விட்டு சரோஜாதேவி குடும்பம் உள்ள உக்காந்திருக்கு! சொந்த வீட்டுலயே வாடகை குடுத்துத் தங்குவாரு. தத்துவம் கம்மி, கலாட்டா ஜாஸ்தி, மலையெல்லாம் கலர்ல வரும். ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவருக்கு அந்தக் குளிரு நல்லா இருக்கும், உனக்கும் போர் அடிக்காது. பேச மாட்டாருன்னு சொன்ன இல்ல, நாகேஷ் வர்ற சீன்ல பக்கத்துல உக்காந்து பாரு.

எல்லாரும் சிரிக்கிற படம் சொல்றாங்க. எனக்கு அழுதாதான் லேசாகுது. தப்பா?
– வாசகி, ராயபுரம்

தப்பே இல்ல. ஆனா அழ வெச்சுட்டு அப்படியே நடுத்தெருவுல விட்டுட்டுப் போற படம் வேணாம், அழுததுக்கு அப்புறம் கையப் பிடிச்சு வீடு வரைக்கும் கொண்டு வந்து விடணும். மொழி பாருங்க, 2007, ராதாமோகன். மகன் செத்துப்போனதுல இருந்து 1984லயே நின்னுட்ட ப்ரொஃபஸரா எம்.எஸ். பாஸ்கர் வருவாரு, அவரு அழுகுற எடத்துல நீங்களும் தாராளமா அழலாம், அதுக்குள்ள பிரகாஷ்ராஜ் வந்து சிரிக்க வெச்சிடுவாரு. 2025ல வந்த டூரிஸ்ட் ஃபேமிலியும் இந்த வகைதான், இலங்கைல இருந்து வந்து யாருன்னு சொல்லாம சென்னைல ஒரு தெருவுல ஒளிஞ்சு வாழுற குடும்பம், அந்தத் தெருவே மெல்ல அவங்க பக்கம் சாயும்.

படம் பாத்தும் சரியாக மாட்டேங்குது. ரொம்ப நாளாவே இப்படித்தான் இருக்கு.
– பேர், ஊர் வேண்டாம்

அப்ப இது படத்தோட வேலை இல்லங்க. ஒரு நாள் மூடு அவுட்டுக்குத்தான் நான் சொல்றதெல்லாம். வாரக் கணக்கா தூக்கம் இல்ல, எதுவும் பிடிக்கல, இருந்து இன்னா பிரயோஜனம்னு தோணுதுன்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரில வெளி நோயாளியா போய் காட்டிட்டு வர்றதுல ஒரு வெக்கமும் வேணாம். போன் பண்ணிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்க, பேர் போட மாட்டேன்.

என் வீட்டுக்காரரு எந்தப் படம் போட்டாலும் அடுத்து இவன் வருவான், அடுத்து இது நடக்கும்னு முன்னாடியே சொல்லிடுறாரு. மூடு சரியாகுறதுக்கு பதிலா சண்டைதான் வருது!
– வாசகி, கொளத்தூர்

மலையாளப் படம் போடுங்க. கும்பளங்கி நைட்ஸ் நல்ல படம், அவருக்குத் தெரிஞ்சிருக்காது, சப்டைட்டில் படிக்கிறதுலயே வாய் அடைச்சிடும். அதையும் பாத்துட்டாருன்னா அவரையே ஹால்ல உக்காந்து கதை சொல்லச் சொல்லிட்டு நீங்க போய்த் தூங்குங்க.